ஐம்பது நிமிட ஹார்ப்

கராமா, துபாய்
12.2.2006

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி பாஸ்கர் எழுதுவது. நான் சுகம். ரூமில் மற்ற ஏழு பேரும் சுகம். கட்டிலில் இருக்கும் மூட்டைப்பூச்சிகள் எங்கள் எல்லோரையும்விட சுகம். உன் உடம்பு எப்படி இருக்கிறது? போனில் கேட்டால் 'ம்' என்கிறாய். அடுத்ததைக் கேட்பதற்குள் மச்சான் வாங்கி, "கார்டு தீரப்போவுது மாப்ளே" என்று வைத்துவிடுகிறார். அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

போன வாரம் ஹோட்டலில் ஒரு கூத்து நடந்தது. திட்டாமல் படி. மத்தியானம் பெரிய ஹாலில் நாற்காலிகளுக்கு உறை மாட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்து அறைக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே 'தொம்' என்று ஒரு சத்தம். பிறகு இரண்டு. ஒரு பெண் மூச்சை இழுத்துப் பிடிக்கிற சத்தம். அப்புறம் சரமாரியாகத் தொம் தொம்மென்று. நடுவில் எதையோ நகத்தால் பிறாண்டிக் கிழிப்பதுபோலவும் கேட்டது. அக்கா, எனக்கு அந்தச் சத்தம் தெரியும். மரத்தில் அடித்தால் ஒரு சத்தம், சுவரில் அடித்தால் ஒரு சத்தம், ஆளைச் சுவரோடு சேர்த்து வைத்து அடித்தால் வேறு சத்தம். இது மூன்றாவது.

கதவை உதைத்துத் திறந்தேன். ஒரு வெள்ளைக்காரப் பெண் முடி கலைந்து உட்கார்ந்திருந்தார், விரலில் ரத்தம். அவர் பக்கத்தில் ஒருத்தன் இரும்புக் கம்பியோடு குனிந்து நின்றான். நான் ஒன்றும் கேட்கவில்லை. விட்டேன் ஒரு அறை. அவன் மேஜைக்கு அடியில் போய் விழுந்து, "யோவ், நான் சவுண்டு ஆளுய்யா! மைக்கு வைக்க வந்தேன்யா!" என்று தமிழில் அலறினான்.

அவன் பெயர் ரகுநாதன், கும்பகோணத்துக்காரன். கம்பி என்பது மைக் ஸ்டாண்டு. அந்த அம்மா பெயர் இனேஸ், அர்ஜென்டினா நாடு. மாலை டீ நேரத்தில் லாபியில் ஹார்ப் வாசிக்கிறவர். ஆளை விட உயரமான வாத்தியம், நாற்பத்தேழு நரம்பு, காலுக்கு ஏழு பெடல். மாலையில் விருந்தாளிகளுக்குக் காதல் பாட்டு வாசிப்பார். பகலில் தனக்காக, தன் பாஷை பேசுகிற நாடுகளின் புதிய இசையை வாசித்துப் பழகுவாராம். அதில் 'இந்த இடத்தில் உள்ளங்கையால் பலகையை அடி' என்று எழுதியவரே காகிதத்தில் குறித்திருக்கிறார். அடி வாங்கியது ஹார்ப்.

ரகுநாதனுக்கு உதட்டில் இரண்டு தையல். என்னை டிஸ்மிஸ் பண்ண மானேஜர் காகிதம் அடித்துவிட்டார். இனேஸ்தான் போய்த் தடுத்தார். "இதை நான் பதினெட்டு வருடமாக வாசிக்கிறேன். கதவை உடைத்துக்கொண்டு வந்த முதல் ஆள் இவன்" என்று சொன்னாராம். இப்போது ஹார்ப்பை லாபிக்குத் தள்ளிக்கொண்டு போவதும் வருவதும் என் டூட்டி. சிரித்தாயா? மச்சானையும் சிரிக்கச் சொல்.

உன் தம்பி,
விஜயபாஸ்கர்


ஃபர்வானியா, குவைத்
9.3.2006

அன்புத் தம்பி பாஸ்கருக்கு,

அக்காவின் ஆசிகள். நாங்கள் இருவரும் நலமாக இருக்கிறோம். நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா?

உன் கடிதத்தை மச்சான் ஆபீஸ் பெட்டியிலிருந்து எடுத்துவந்தார். வழக்கம்போல அவர் படித்துவிட்டுத்தான் கொடுத்தார். "ஒந் தம்பிக்கு மூளை முட்டியிலதான் இருக்கு" என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை. கை நீட்டுகிற பழக்கத்தை விடு. அந்த ரகுநாதனுக்குப் பழமாவது வாங்கிக் கொடுத்தாயா?

நீ எழுதியதில் ஒன்று என் மனத்தை விட்டுப் போகவில்லை. மூன்று விதமான சத்தம் என்று எழுதியிருக்கிறாய். அப்பா அம்மாவை அடிக்கத் தொடங்கும்போதெல்லாம் நான் உன்னைக் கடைக்கு அனுப்பிவிடுவேன். நீ கடைக்குத்தான் போனாய் என்று இத்தனை வருடமும் நினைத்துக்கொண்டிருந்தேன். வாசலிலேயே நின்றிருக்கிறாய்.

பக்கத்து ஃப்ளாட்டுக்கு நாகூர்க்காரர்கள் குடி வந்திருக்கிறார்கள். பத்ருன்னிசா என்று ஒரு அக்கா, வீட்டிலேயே துணி தைக்கிறார். இடையில் இருப்பது மெல்லிய சுவர், அவர் மெஷின் ஓடுவது எனக்குக் கேட்கும். "நீங்க பேசுறதும் கேக்குது புள்ளே" என்றார். மச்சானுக்கு அது பிடிக்கவில்லை.

உடம்பைக் கவனித்துக்கொள்.

அக்கா,
பானுமதி


கராமா, துபாய்
2.4.2006

அன்புள்ள அக்காவுக்கு,

பாஸ்கர் வணக்கம் சொல்லி எழுதுவது. சுகத்துக்குக் குறைவில்லை. மச்சானையும் கேட்டதாகச் சொல்.

நான் கடைக்குப் போகவில்லை. அதை விடு.

ரகுநாதன் இப்போது எனக்கு நெருங்கிய சேக்காளி. ஒரு அறையில் கிடைத்த நட்பு. நாங்கள் இரண்டு பேரும் பகலில் இனேஸ் அம்மாவின் அறையில்தான் கிடக்கிறோம். என் ஆங்கிலம் அவருக்குக் கால்வாசி புரியும், அவர் ஆங்கிலம் எனக்குப் பாதி புரியும், மீதியை ஹார்ப் சொல்லிவிடும். நரம்புகள் குடலில் செய்தவை, தடித்தவை மட்டும் கம்பி. இந்த ஊர் ஏ.சி.யில் காய்ந்துபோய், அறுந்தால் வேட்டு வெடித்த மாதிரி இருக்கும். மெக்சிகோக்காரர் ஒருவர் எழுதியதற்கு நரம்புகளுக்கு இடையில் காகிதத்தைச் செருகவேண்டும். வாத்தியம் முழுக்க வண்டு இரைகிற மாதிரி இரையும். ஸ்பெயின்காரர் ஒருவர் எழுதியதில் சுருதி கூட்டுகிற சாவியை நரம்பின்மேல் வைத்து இழுக்கவேண்டும். பல் கூசும். கியூபாக்காரர் எழுதியது மட்டும் ஆட்டம் போட வைக்கும். ரகுநாதன் வாயாலேயே தாளம் போடுவான், தையல் போட்ட உதடு வலித்ததும் என்னைத் திட்டுவான்.

நான் கதவை உடைத்த அந்தத் தொம் தொம்மை எழுதியது இனேஸ் ஊரைச் சேர்ந்த ஒரு பெரியம்மா. அதற்கு ஒரு கதை இருக்கிறது. அவர்கள் நாட்டைப் பட்டாளம் ஆண்ட காலத்தில் ஆட்களைப் பிடித்துக்கொண்டு போய் ஒரு வீட்டில் அடைத்து அடிப்பார்களாம். அடிக்கும்போது ரேடியோவை முழுச் சத்தத்தில் வைத்துவிடுவார்களாம். தெருவில் போகிறவனுக்குப் பாட்டுதான் கேட்கும். அலறல் கேட்டாலும், பாட்டில் வருகிறது என்று அவன் போய்க்கொண்டே இருப்பான். அந்தப் பெரியம்மா அதைத் திருப்பிப் போட்டு, பாட்டுக்குள்ளேயே அடியை வைத்துவிட்டார். வெறும் பாட்டுதான் என்று யாரும் தப்பித்துக்கொள்ளக் கூடாதாம்.

ரகுநாதன் அதைப் பதிவு செய்து ஒரு சிடி போட்டுக் கொடுத்தான். பன்னிரண்டு நிமிடம். இத்தோடு வைத்திருக்கிறேன். இனேஸ் அம்மாவும் தாராளமாக அனுப்பு என்றார். மெதுவாக வைத்தால் ஒன்றும் தெரியாது, நன்றாகச் சத்தமாக வைத்துக் கேளுங்கள். பக்கத்து வீட்டு அக்கா என்னை மாதிரிக் கதவை உடைத்துவிடப் போகிறார், 'யாரையும் அடிக்கவில்லை, இது ஹார்ப்' என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

உன் தம்பி,
பாஸ்கர்


ஃபர்வானியா
5.5.2006

பிரியமுள்ள மாப்பிள்ளைக்கு,

முத்துராமன் எழுதுவது. நாங்கள் நலம், உன் நலமும் அப்படியே இருக்க முருகன் துணை. உன் அக்கா கையில் கொதிக்கிற எண்ணெயைக் கொட்டிக்கொண்டாள். கட்டுப் போட்டிருக்கிறது, பயப்பட ஒன்றுமில்லை. அவளுக்குக் கவனம் போதாது என்பது உனக்குத் தெரியாததா? அதனால்தான் இந்த முறை நான் எழுதுகிறேன்.

சிடி வந்தது. நீ சொன்னபடியே முழுச் சத்தத்தில் வைத்தேன். பக்கத்து ஃப்ளாட்டு அம்மாள் பதறிப்போய்க் கதவைத் தட்டினார். "யாரோ அடிவாங்குற மாதிரி இருந்திச்சு தம்பி" என்றார். அவரை உள்ளே கூப்பிட்டு, காபி கொடுத்து, சிடியைப் போட்டுக் காட்டி, உன் கடிதத்தையும் படித்துக் காட்டினேன். சிரித்து ஓய்ந்தோம். இப்போது சத்தம் கேட்டால் அவர் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

நீ எழுதிய ரேடியோ விஷயம் வெகு சுவாரசியம். எப்படியெல்லாம் யோசித்திருக்கிறார்கள் பார். ஒரே குறை, பன்னிரண்டு நிமிடம் போதவில்லை. ஆரம்பிப்பதற்குள் முடிந்துவிடுகிறது. நீளமானது இருந்தால் அனுப்பு.

அன்பு மச்சான்,
முத்துராமன்


கராமா, துபாய்
20.5.2006

மதிப்புக்குரிய மச்சானுக்கும் அன்புள்ள அக்காவுக்கும்,

பாஸ்கர் எழுதுவது. இங்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது, மற்றபடி நலம். அக்கா, கை ஆறிவிட்டதா? தழும்பு விழாமலிருக்கத் தேங்காய் எண்ணெய் தடவு.

மச்சான், உண்மையைச் சொல்கிறேன், உங்களைப் பற்றி நான் தப்பாக எடைபோட்டிருந்தேன். தாலாட்டு மாதிரிப் பழைய பாட்டுக் கேட்கிற ஆள் என்று நினைத்திருந்தேன். இதைக் கேட்டுவிட்டு ரூமில் ஏழு பேரும் காதைப் பொத்திக்கொண்டார்கள். நீங்கள் ஒருவர்தான் இன்னும் வேண்டும் என்கிறீர்கள். இனேஸ் அம்மாவிடம் சொன்னேன். சந்தோஷத்தில் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

ஜூன் கடைசியில் ஒரு அரங்கத்தில் கச்சேரி வைத்திருக்கிறார். மெக்சிகோ, ஸ்பெயின், கியூபா, நடுவில் அந்தப் பெரியம்மாவின் தொம் தொம், பெரிய அளவில். மொத்தம் ஐம்பது நிமிடம். ரகுநாதன் பதிவு செய்கிறான். முதல் பிரதி உங்களுக்குத்தான்.

உங்கள்,
பாஸ்கர்


ஃபர்வானியா
18.6.2006

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நலமாக இருக்கிறேன். கட்டு இருப்பதால் எழுத்து கோணலாக வருகிறது, பொறுத்துக்கொள்.

அந்த வாத்தியத்தில் மெதுவான பாட்டு இல்லையா? மாலையில் லாபியில் வாசிக்கிறார் என்றாயே, அந்த மாதிரி. அது ஒன்று அனுப்பினால் போதும். எனக்கு இப்போதெல்லாம் அடிக்கடி தலைவலி வருகிறது. நீளமானதை அனுப்பாதே. மச்சான் கேட்டார் என்பதற்காக அனுப்பிவிடாதே. பன்னிரண்டு நிமிடமே எனக்குப் போதும்.

அம்மாவுக்குக் கடிதம் போட்டால் நான் நன்றாக இருக்கிறேன் என்று மட்டும் எழுது.

அக்கா,
பானுமதி


கராமா, துபாய்
3.7.2006

அன்புள்ள அக்காவுக்கு,

பாஸ்கர் எழுதுவது. நலம். உன் தலைவலிக்கு என்ன மாத்திரை சாப்பிடுகிறாய்? கண்ணாடி போடவேண்டுமோ என்னவோ, டாக்டரிடம் காட்டு.

கச்சேரி முடிந்தது. அதைப் பார்க்க நீ இங்கே இருந்திருக்க வேண்டும். தொம் தொம் பாதியில் ஒரு கம்பி நரம்பு அறுந்து இனேஸ் அம்மாவின் கண்ணுக்குக் கீழே கிழித்துவிட்டது. ரத்தம் கன்னத்தில் வழிந்து வெள்ளைச் சட்டையில் சொட்டுகிறது. அவர் நிறுத்தவில்லை. உள்ளங்கையால் பலகையை அடித்த அடியில் முன்வரிசையில் ஒரு அம்மாள் எழுந்து வெளியே போய்விட்டார். ரகுநாதன் அழுதான். நான் அழவில்லை, யாரையாவது அடிக்கவேண்டும் போலிருந்தது.

இத்தோடு ஐம்பது நிமிட சிடி. நீ வேண்டாம் என்றாய், ஆனால் மச்சான் ஆசையாகக் கேட்டாரே. கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை? உனக்குத் தனியாக ஒரு தாலாட்டு அப்புறம் அனுப்புகிறேன். கோபித்துக்கொள்ளாதே.

உன் தம்பி,
பாஸ்கர்


கராமா, துபாய்
10.8.2006

அக்கா,

ஐந்து வாரமாகக் கடிதம் இல்லை. எப்படி இருக்கிறாய் என்று நான் ஒப்புக்குக் கேட்கவில்லை. எப்படி இருக்கிறாய்?

போன் செய்தால் ஒரு நாள் குளிக்கிறாய், ஒரு நாள் தூங்குகிறாய், ஒரு நாள் பக்கத்து வீட்டுக்குப் போயிருக்கிறாய். மச்சான் தேனாகப் பேசுகிறார்.

நேற்று இனேஸ் அம்மா, உன் அக்காவுக்குச் சிடி பிடித்ததா என்று கேட்டார். நீளமானது வேண்டாம் என்று எழுதினாள், நான்தான் அனுப்பிவிட்டேன் என்று சிரித்துக்கொண்டே சொன்னேன். நரம்பு மாற்றிக்கொண்டிருந்தவர் கையை எடுத்துவிட்டார். "பிடிக்கவில்லை என்று எழுதவில்லையா? நீளம் வேண்டாம் என்றா எழுதினாள்?" என்று இரண்டு தடவை கேட்டார். நான் ஆமாம் என்றேன். அவர் முகம் செத்துப்போயிற்று. எனக்கு அப்போது புரியவில்லை. பஸ்ஸில் திரும்பும்போது புரிந்தது. இறங்கவேண்டிய இடத்தில் இறங்காமல் கடைசி ஸ்டாப்புவரை போய்விட்டேன்.

மச்சான், இதை நீங்கள்தான் முதலில் படிப்பீர்கள் என்று தெரியும். நான் நினைப்பது தப்பு என்றால் உங்கள் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்கிறேன். தப்பில்லை என்றால், குவைத் ஒன்றும் நிலாவில் இல்லை.

பாஸ்கர்


ஃபர்வானியா
21.8.2006

தம்பி விஜயபாஸ்கருக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்களுக்கு ஆயுளையும் பொறுமையையும் ஆண்டவன் தரட்டும், இதைப் படிக்க இரண்டும் வேண்டும். நான் பக்கத்து வீட்டுப் பத்ருன்னிசா. ஐந்தாவது வரைதான் படித்தேன், தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பானு உயிரோடு இருக்கிறாள். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம்.

தம்பி, நாலு மாதமாக அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது. பாட்டு என்றுதான் நினைத்தேன். உங்கள் கடிதத்தை உங்கள் மச்சான் எனக்குப் படித்துக் காட்டினார். மாடியில் இருக்கிறவர்கள் என்னிடம் வந்து கேட்டபோது, "அது ஹார்ப்பு வாத்தியம், அந்தப் புள்ளையோட தம்பி துபாயிலேந்து அனுப்பினது" என்று நானே சொல்லியனுப்பினேன். அவள் முகத்தில் வீக்கம் பார்த்தபோது பல்வலி என்றாள். நம்பினேன். அல்லாஹ் என்னை மன்னிக்கட்டும்.

போன வெள்ளிக்கிழமை மத்தியானம் மூன்று மணி இருக்கும். பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. நான் ஒரு குழந்தைச் சட்டைக்குக் கை தைத்துக்கொண்டிருந்தேன். கட்டிடம் முழுக்கக் கரண்ட் போனது. என் மெஷின் நின்றது. ஏ.சி. நின்றது. பாட்டும் நின்றது. கொஞ்ச நேரம் பொட்டுச் சத்தம் இல்லை. அப்புறம் அந்த அடி மட்டும் கேட்டது தம்பி. பாட்டு இல்லாமல் அடி மட்டும். ஒன்று, இரண்டு, மூன்று. நிற்கவே இல்லை.

செருப்புக்கூடப் போடாமல் கீழே ஓடி, கட்டிடக் காவலாளி எகிப்துக்காரரைக் கூட்டிவந்தேன். அவர் தோளால் இடித்துக் கதவை உடைத்தார். பானு முகம் பூரா ரத்தம். காதிலிருந்தும் ரத்தம். விலாவில் இரண்டு எலும்பு போய்விட்டது என்று டாக்டர் சொன்னார். உங்கள் மச்சானும் தரையில்தான் கிடந்தார், அவரும் ஆஸ்பத்திரியில் இருக்கிறார். அது ஏன் என்பதை அவளே எழுதுவாள். நான் எழுதக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

இனிக் கடிதம் எழுதினால் என் வீட்டுக்காரர் பெட்டி நம்பருக்கு எழுதுங்கள், கவரில் எழுதியிருக்கிறேன்.

துஆவுடன்,
பத்ருன்னிசா


கராமா, துபாய்
27.8.2006

அக்கா,

என்ன சுகம் கேட்பது.

நான்தான் அவனுக்குச் சொல்லிக்கொடுத்தேன். ரேடியோவை எழுதியது நான். சத்தமாக வை என்று எழுதியது நான். பக்கத்து வீட்டில் சொல்லிவிடு என்று எழுதியதும் நான். நீ வேண்டாம் என்று கெஞ்சியபோது ஐம்பது நிமிடத்தை அனுப்பி, உன்னைக் கழுதை என்று எழுதினேன். யாரோ ஒரு வெள்ளைக்கார அம்மாவுக்காகக் கதவை உடைத்தேன். உன் கதவை நானே வெளியிலிருந்து தாழ்போட்டிருக்கிறேன்.

இனேஸ் அம்மாவிடம் சொன்னேன். ஹார்ப்புக்கு உறையை மாட்டிவிட்டுத் தரையில் உட்கார்ந்துகொண்டார். அந்த ரேடியோ வீடு அவர் தெருவிலேயே இருந்ததாம், அவருக்கு அப்போது பதினாறு வயசாம். "நாங்களும் பாட்டு என்றுதான் சொல்லிக்கொண்டோம்" என்றார்.

அந்தக் காவலாளிதான் அவனை அடித்துப் போட்டார் என்றால், அவர் இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிடுகிறேன். ஆனால் அது போதாது. ரகுநாதனின் கஸின் ஒருத்தன் மூலமாக விசிட் விசாவுக்குச் சொல்லிவைத்திருக்கிறேன். அந்த முத்துராமன் எந்தக் கையால் அடித்தான் என்று மட்டும் எழுது. நான் ஜெயிலுக்குப் போவதைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. அவன் நடந்து வீட்டுக்குப் போகக் கூடாது.

பாஸ்கர்


ஃபர்வானியா
9.9.2006

அன்புத் தம்பிக்கு,

அக்காவின் ஆசிகள். பத்ருன்னிசா அக்கா வீட்டிலிருந்து எழுதுகிறேன். என் கடிதத்தை எனக்கும் உனக்கும் நடுவில் யாரும் படிக்கப் போவதில்லை என்பது ஐந்து வருடத்தில் இதுதான் முதல் தடவை. என்ன எழுதுவதென்று தடுமாற்றமாக இருக்கிறது. விலா எலும்பு கூடிக்கொண்டு வருகிறது. இடது காது இனிக் கேட்காதாம். நீ சாப்பிடாமல் கிடக்கிறாய் என்று உன் எழுத்தைப் பார்த்தாலே தெரிகிறது.

நீ சொல்லிக்கொடுத்து அவன் அடிக்கவில்லை. நான்கு வருடம் டிவியை வைத்துக்கொண்டு அடித்தான். பக்கத்தில் ஆள் குடிவந்த பிறகு டிவி போதவில்லை. உன் சிடி அவனுக்கு வசதியாகிவிட்டது, அதை இல்லை என்று சொல்லமாட்டேன். உன்மேல் ஆத்திரமாகவும் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். இப்போது இல்லை. என் கையில் கொட்டியது எண்ணெய்தான், ஆனால் நான் கொட்டிக்கொள்ளவில்லை.

அவன் எப்போதும் ஒன்று சொல்வான். "கோவம் வந்தா எனக்குக் கண்ணு தெரியாதுடி. நான் என்ன செய்யிறேன்னு எனக்கே தெரியாது." நம்பினேன். அப்பாவும் இதையேதான் சொன்னார், அம்மாவும் நம்பினாள். கண் தெரியாதவனோடு என்ன சண்டை என்று அம்மா இருபத்தாறு வருடம் பொறுத்தாள்.

உன் பத்தாம் தேதிக் கடிதம் கரண்ட் போன நாளுக்கு முந்தின நாள்தான் வந்தது. வெள்ளிக்கிழமை சாப்பிட்டு முடித்ததும் அதை என் வாயில் திணித்துவிட்டுச் சிடியைப் போட்டான். முதலில் அந்தக் காகிதம் இரைகிறது வரும். அதுவரைக்கும் பெல்ட்டைக் கையில் சுற்றிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருப்பான். தொம் தொம் தொடங்கியதும் எழுந்திருப்பான். அன்றைக்கும் அப்படித்தான். பெல்ட்டை விட்டுவிட்டுக் காலால் உதைத்துக்கொண்டிருந்தபோது கரண்ட் போனது. பாட்டு நின்றது. பாஸ்கர், அவனும் நின்றான். தூக்கிய காலை மெதுவாகக் கீழே வைத்தான். பக்கத்துச் சுவரைப் பார்த்தான். குனிந்து என் காதோடு, "சத்தம் போடாத, கரண்ட் வரட்டும்" என்றான்.

கண் தெரியாதவன் எப்படி நிறுத்துவான்? எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஐந்து வருடமும் கண் நன்றாகத் தெரிந்துதான் அடித்திருக்கிறான்.

அவன் மெயின் ஸ்விட்சைப் பார்க்கத் திரும்பினான். நான் சுவரைப் பிடித்து எழுந்து அடுப்படிக்குப் போனேன். கரண்ட் போன பிறகு பத்ருன்னிசா அக்காவுக்குக் கேட்ட அடிகள் அவன் அடித்தவை இல்லை. நான் அடித்தவை.

பூரிக்கட்டை. பெண்டாட்டி பூரிக்கட்டையோடு நிற்கிற மாதிரிப் பத்திரிகையில் ஜோக் போடுவார்களே, நானும் சிரித்திருக்கிறேன். முதல் அடி பிடரியில். இரண்டாவது தோளில், எலும்பு போன சத்தம் வலது காதில் கேட்டது. அப்புறம் எண்ணவில்லை. அவன் கத்தவே இல்லை. கத்தினால் பக்கத்து வீட்டுக்குக் கேட்டுவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு அத்தனையையும் வாங்கினான். காவலாளி வந்து என் கையைப் பிடித்திருக்காவிட்டால் செத்துப்போயிருப்பான். எனக்கு நிறுத்தத் தோன்றவில்லை. எனக்கும் கண் நன்றாகத் தெரிந்தது.

ஆஸ்பத்திரியில் சோப்புத் தண்ணீரில் வழுக்கி விழுந்தேன் என்று சொல்லியிருக்கிறான். தலையில் பதினான்கு தையல், தோளிலும் மூன்று விரல்களிலும் எலும்பு முறிவு. பெண்டாட்டி அடித்தாள் என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. நானும் வாயைத் திறக்காமல் ஊருக்குப் போய்விட வேண்டும் என்று பாஸ்போர்ட்டை அவனே ஆள் மூலம் கொடுத்தனுப்பினான். பதினான்காம் தேதி வியாழக்கிழமை திருச்சிக்கு டிக்கெட். அம்மாவிடம் நானே சொல்லிக்கொள்கிறேன். பொறுத்துப்போயிருக்கலாமே என்று ஒரு வார்த்தை அவள் சொன்னாலும் அந்த வீட்டில் தங்கமாட்டேன்.

எனக்கு வெட்கமாக இல்லை. பயம் மட்டும் இருக்கிறது, அவனைப் பார்த்து இல்லை, என்னைப் பார்த்து. பத்ருன்னிசா அக்கா ஆஸ்பத்திரிக்கு நெய்ச்சோறு கொண்டுவந்தார். கிழிந்த வாயோடு இரண்டு தட்டு சாப்பிட்டேன். அவ்வளவு பசி.

நீ விசாவும் வாங்கவேண்டாம், லீவும் கேட்கவேண்டாம். அவனை அடிக்க வேண்டும் என்று வந்தால் ஏமாந்துதான் போவாய். அவன் உடம்பில் உனக்கென்று நான் ஒரு இடமும் மிச்சம் வைக்கவில்லை.

வேளைக்குச் சாப்பிடு.

அக்கா,
பானுமதி